வாரைத் தளர்த்தச் சொன்னேன்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு நாற்பதுக்கு அந்த நீலப் புள்ளி நின்றுவிட்டது.

அதுவரை என் கைப்பேசித் திரையில் அது விட்டு விட்டு நகர்ந்துகொண்டிருந்தது. மகன் தன் சட்டைப் பையில் வைத்திருக்கும் சின்னக் கருவி ஒன்று, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை அவன் இருக்குமிடத்தை வானத்துக்கு அனுப்பி, வானம் அதை எனக்கு அனுப்பும். செல்போன் கோபுரம் இல்லாத மலைக்குள் போகிறவர்கள் எல்லோருக்கும் அவன் வேலை பார்க்கும் விடுதியில் அதைக் கொடுப்பார்கள். கனடாவின் மேற்குப் பக்க மலை அது. அங்கே அப்போது முந்தின நாள் சாயங்காலம். இன்னும் கொஞ்ச நேரத்தில் இருட்டிவிடும்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொட்டகையில் வெங்காயம் வதங்கிக்கொண்டிருந்தது. திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் அகரத்தில் ஒரு காதுகுத்து விருந்து. பிரியாணி எங்கள் பொறுப்பு. விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுப்பதுதான் எங்கள் தொழில். நானும் என் மனைவியின் தம்பியும் சேர்ந்து பார்க்கிறோம். பி.காம். முடித்த கையோடு இதில் இறங்கியவன் நான்.

"புள்ளி நிக்குது மாப்ள" என்றேன்.

அவன் அகப்பையை நிறுத்தவில்லை. "டீ குடிக்க நிறுத்திருப்பான் மச்சான்."

"அங்க எங்கடா டீக்கடை? சுத்திப் பனிடா."

"அப்ப ஒண்ணுக்குப் போயிருப்பான். பச்சப் புள்ளையா அவன்? விடுங்க."

விட முடியவில்லை. அடுத்த பத்து நிமிடமும் புள்ளி அதே இடத்தில் இருந்தது. அதற்கடுத்த பத்து நிமிடமும். எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. அதுதான் கொடுமை. ஒன்றும் தெரியாத தகப்பனாக இருந்திருந்தால் துஆ கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வண்டி எங்கே எப்படிப் புதைந்திருக்கும் என்று கண்ணால் பார்த்ததுபோலத் தெரிந்தும் அகப்பைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

தெரிந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். மகன் அந்த விடுதியில் பனிவண்டிகளைப் பழுது பார்க்கிறான். ஸ்னோமொபைல் என்பார்கள். முன்னால் சக்கரத்துக்குப் பதில் இரண்டு சறுக்குக் கட்டைகள். பின்னால் அகலமான ரப்பர்ப் பட்டை ஒன்று சுழன்று வண்டியைத் தள்ளும். அந்தப் பட்டைக்கு உள்ளே முன்னொன்று பின்னொன்றாக ஷாக் அப்சார்பர்கள். முன்னதைக் கீழே தொங்கவிடாமல் பிடித்து வைப்பதற்கு ஒரு வார். அந்த வாரில் வரிசையாக ஓட்டைகள் இருக்கும். ஒரு ஓட்டை உள்ளே இழுத்து முடுக்கினால் வண்டியின் மூக்கு தாழும். சறுக்குக் கட்டைகள் பனியைக் கடிக்கும். இறுகிய பனிப் பாதையில் வளைவுகளில் அப்படித்தான் போக வேண்டும். அதே வண்டி பாதையை விட்டுத் தொடை ஆழப் புதுப்பனியில் இறங்கினால் வாரைத் தளர்த்த வேண்டும். அப்போதுதான் மூக்கு தூக்கும். வண்டி மிதக்கும். முடுக்கிய வாரோடு இறங்கினால் மூக்கு உள்ளே குத்தும், பின்பட்டை குழி தோண்டும். அவ்வளவுதான் சங்கதி.

வீடியோ காலில் வண்டியைக் கவிழ்த்துப் போட்டு இதையெல்லாம் அவன் எனக்குக் காட்டியிருக்கிறான். அவன் அங்கே என்ன சாப்பிடுகிறான், யாரோடு பேசுகிறான் என்று கேட்டால் "ம்", "ஆமா" என்று இரண்டு வார்த்தையில் முடிப்பான். ஷாக் அப்சார்பரைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுவான். அதனால் நான் அதைப் பற்றியே கேட்டேன். யூட்யூபில் தேடிப் பார்த்தேன். கோடையில் தார் உருகும் ஊரில் உட்கார்ந்துகொண்டு ஆழப் பனிக்கு எத்தனை ஓட்டை தளர்த்துவது என்று படித்தேன். என் மனைவி சிரித்தாள். சிரிக்கட்டும். மகனின் வாழ்க்கையில் எனக்கும் கொஞ்சம் புரிகிற இடம் அது ஒன்றுதான்.

புரிந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. லோடு ஆட்டோ வாங்குவதற்கு முன்பு நான் மொபட்டின் பின்னால் பிரியாணி டேக்சாவைக் கட்டிக்கொண்டு தாடிக்கொம்பு ரோட்டில் போயிருக்கிறேன். பாரம் ஏறியதும் ஹேண்டில் காற்றாடி மாதிரி லேசாகிவிடும். திருப்பினால் கேட்காது. பின் ஷாக் அப்சார்பரை இறுக்கி வைப்பேன். மகனை முன்னால் நிற்க வைப்பேன். "அப்பு, நல்லா அழுத்தி நில்லு" என்பேன். அவன் எடைதான் முன்சக்கரத்துக்குப் பாரம்.

அந்தப் பாடத்தைத்தான் அவன் கனடாவுக்குக் கொண்டுபோயிருந்தான்.

முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்கு முன்னால் கூப்பிட்டான். அங்கே அப்போது காலை. மலைக்கு மேலே ஒரு மரக்குடிலில் விடுதிக்காரர்களும் விருந்தாளிகளும் தங்கப் போகிறார்கள், எல்லோருக்கும் இரவுச் சாப்பாடு தன் பிரியாணி என்றான். இவனாகவே ஏற்றுக்கொண்டிருக்கிறான். அம்மா அனுப்பிய சீரகச் சம்பா, அம்மா அரைத்துக் கொடுத்த மசாலா. மற்றவர்கள் முன்னால் போய்விடுவார்கள், இவன் கீழே சமைத்து தம் போட்டு எடுத்துக்கொண்டு தனியாகப் போவான். பாதை முடியும் இடத்தில் இவன் காத்திருக்க வேண்டும், வழிகாட்டி அம்மாள் இறங்கி வந்து மேலே கூட்டிப் போவாள். என் வயதுதான் இருக்கும் அந்த அம்மாளுக்கு.

"டேக்சாவ எதுல வைக்கப் போற?" என்று கேட்டேன்.

"வண்டி பின்னாடிதான்."

"ஏலே, பாரம் இழுக்கப் பின்னாடி ஒரு சறுக்குத் தொட்டி மாட்டுவாங்களே, அது எங்க?"

"அதுல வச்சா குலுங்கித் தம் உடைஞ்சிரும் அத்தா. பின்னாடி கேரியர்ல கட்டுனா ஆடாது. நம்ம ஊர்ல கட்டுனதுதானே."

அந்த ஊரில் பிறந்த ஒருவனும் செய்யாத வேலை இது. அவர்கள் எல்லோரும் பாரத்தைத் தொட்டியில் வைத்து இழுப்பார்கள். இவன் மட்டும் மொபட்டில் ஏற்றுவதுபோலப் பின்னால் ஏற்றி, கம்பளி சுற்றி, கயிறு கட்டிவிட்டான். மூக்கு லேசாகிவிட்டது என்று வாரை முடுக்கி, பின் ஸ்பிரிங்கையும் கடைசி வரை இறுக்கிவிட்டான்.

"பாதைக்கு அது சரி" என்றேன். "பாதை முடியுற இடத்துல எறங்கி வாரைத் தளர்த்திரு. மறந்துராத."

"சரித்தா."

"சரின்னு சொல்லாத. தளர்த்துறேன்னு சொல்லு."

"தளர்த்துறேன், தளர்த்துறேன். நீங்க பனியத் தொட்டதே இல்ல, எனக்குச் சொல்றீங்க" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தான்.

ஏழு மணிக்கு மேல் முதல் செய்தி வந்தது. அந்தக் கருவியில் சின்னச் சின்னதாக எழுதி அனுப்பலாம். போய்ச் சேர எவ்வளவு நேரமாகும் என்று சொல்ல முடியாது.

"புதஞ்சிருச்சு. எனக்கு ஒண்ணுமில்ல. தோண்டுறேன்."

நான் உடனே எழுதினேன். "வாரைத் தளர்த்தினாயா?"

பதில் வரவில்லை. மனைவி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள். "முதல்ல அடி பட்டுச்சான்னு கேளுங்க. வாராம் வாரு."

"ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கானே."

"அவன் என்னைக்கு ஒண்ணு இருக்குன்னு சொல்லியிருக்கான்?"

பதில் வந்தது. "இல்ல."

நான் கேட்டிருந்தது ஒரே கேள்வி. வாரைத் தளர்த்தவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கைப்பேசியை அடுப்பில் போட்டிருப்பேன். ஒரு ஸ்பேனர், ஒரு நட்டு, ஒரு ஓட்டை. குனிந்து செய்தால் முடிகிற வேலை. திண்டுக்கல்லில் உட்கார்ந்திருக்கிற எனக்குத் தெரிகிறது, பனிக்குள் நிற்கிற அவனுக்குத் தெரியவில்லையா? தெரியும். இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று நினைத்திருப்பான். நம் ஆட்களுக்கு வண்டியில் ஒரு முறை செட் பண்ணினால் அது ஆயுசுக்கும் அப்படியே இருக்க வேண்டும்.

கட்டை விரல் வலிக்க எழுதினேன். டேக்சாவை இறக்கிவிடு. வாரை இரண்டு ஓட்டை தளர்த்து. சறுக்குக் கட்டைக்கு முன்னால் பனியை மிதித்து மிதித்துக் கெட்டியாக்கு. பிறகு ஆக்சிலேட்டரை மெதுவாக அழுத்து. ஒரேயடியாக அழுத்தாதே, குழி ஆழமாகும்.

எனக்கே தெரிந்தது, இதையெல்லாம் அவன்தான் எனக்குச் சொல்லிக் கொடுத்தான்.

பதில் வருவதற்குள் இறைச்சி வெந்துவிட்டது. "ஸ்பேனர் கைநழுவிப் பனில விழுந்துருச்சு. தேடுறேன். காணோம்."

பனியில் விழுந்த ஸ்பேனர். கிணற்றில் விழுந்திருந்தாலும் கொக்கிகள் தொங்கும் பாதாளக் கொலுசு போட்டு எடுத்துவிடலாம். இந்தப் பனி தோண்டத் தோண்ட மூடிக்கொள்ளும் மாவு. அவன் கையுறையைக் கழற்றியிருப்பான். விரல் விறைத்திருக்கும். எனக்கு இங்கே வியர்த்து ஊற்றியது.

விடுதியின் எண்ணுக்குப் போன் போட்டேன். ஒரு இளைஞன் எடுத்தான். நான் படித்த இங்கிலீஷ் அத்தனையையும் கூட்டிச் சேர்த்துச் சொன்னேன். அவனுக்குத் தெரியுமாம். வழிகாட்டி அம்மாள் மேலிருந்து கிளம்பிவிட்டாளாம். வரும் வழியில் விருந்தாளி ஒருவரின் வண்டி மாட்டிக்கொண்டதாம், அதை எடுத்துவிட்டு வருவாளாம். கவலைப்படாதீர்கள் சார் என்றான். என் மகனின் வண்டியில் வார் முடுக்கியிருக்கிறது, வருகிறவர்களை ஸ்பேனர் எடுத்துவரச் சொல்லுங்கள் என்றேன். அவனுக்கு விளங்கவில்லை. திரும்பச் சொன்னேன். மூன்றாவது தடவை சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. கவலைப்படாதீர்கள் சார் என்று அதே குரலில் சொன்னான். வைத்துவிட்டு மறுபடி போட்டேன். மறுபடி அவன்தான்.

"மச்சான், அகரத்துக்காரரு கூப்புடுறாரு. தம் போடலாமா?" என்றான் மைத்துனன்.

"போடு."

"உப்பு பாத்துச் சொல்லுங்க."

உள்ளங்கையில் ஒரு சொட்டு ஊற்றினான். நக்கிப் பார்த்தேன். நாக்கில் ஒன்றுமே தெரியவில்லை. வெந்நீர் மாதிரி இருந்தது.

"சரியாத்தான் இருக்கு" என்றேன்.

அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தானே ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தான். ஒரு கை உப்பை அள்ளிப் போட்டான்.

அங்கே இருட்டிவிட்டிருக்கும். எத்தனை டிகிரி குளிர் என்று கைப்பேசி காட்டியது. நான் அதை மனைவியிடம் சொல்லவில்லை. அவளும் தன் கைப்பேசியில் பார்த்துவிட்டு என்னிடம் சொல்லவில்லை.

மறுபடி அவனுக்கு எழுதினேன். "டேக்சாவை இறக்கிப் போட்டாயா, இல்லையா? பாரம் குறைந்தாலே பாதி வேலை முடியும்."

"கட்ட அவுக்க முடியல. கயிறு ஐஸ் ஆயிருச்சு. டேக்சா வேற கொதிக்குது, கைவைக்க முடியல."

"அறுத்துத் தள்ளு" என்று எழுதினேன். "பிரியாணி போனால் போகட்டும்." அனுப்புவதற்கு முன்பே மனைவி என் கையைப் பிடித்துவிட்டாள்.

"இருங்க. என்ன எழுதியிருக்கான்? கொதிக்குதுன்னா?"

"ஆமா. அதனாலதான் இறக்க முடியலையாம்."

"ஏங்க, உங்களுக்கு என்ன ஆச்சு? காலைல இருந்து வாரு வாருன்னு. அம்புட்டுக் குளிர்ல புள்ளகிட்ட கொதிக்கிற டேக்சா இருக்கு. அதப் போயி அறுத்துத் தள்ளச் சொல்றீங்க?"

கைப்பேசியைக் கீழே இறக்கினேன்.

"தம் போட்ட டேக்சா கம்பளி சுத்தியிருந்தா எம்புட்டு நேரம் சூடு நிக்கும்? நீங்கதானே ஊரெல்லாம் போயி வைக்கிறீங்க, சொல்லுங்க. மத்தியானம் பந்திக்கு வச்சது சாயங்காலம் வரைக்கும் கையச் சுடும்ல? வண்டிய விடச் சொல்லுங்க. தோண்ட வேணாம். வேர்த்தா அந்த வேர்வையே ஐஸாயிரும்னு அவனே ஒரு நாள் சொன்னான். டேக்சாவுல முதுகச் சாச்சு உக்காரச் சொல்லுங்க. மூடியத் தொறக்க வேணாம்னு சொல்லுங்க. தொறந்தா சூடு போயிரும்."

"பசிக்குமே."

"பசிச்சா ஓரமாத் தூக்கி ஒரு கை எடுத்துத் திங்கட்டும். பொறந்ததுலருந்து அப்படித்தானே திருடித் திங்குறான்."

எழுதிய அத்தனையையும் அழித்துவிட்டு அவள் சொன்னதை எழுதினேன். வார், ஓட்டை, ஸ்பேனர் எதையும் எழுதவில்லை. விரல் அரிக்கத்தான் செய்தது.

"சரிம்மா" என்று பதில் வந்தது. அனுப்பியது நான். அவனுக்கு யார் சொன்னது என்று தெரிந்திருக்கிறது.

அதற்குப் பிறகு ஒன்றுமே வரவில்லை. புள்ளியும் மங்கிச் சாம்பல் நிறமாகிவிட்டது. குளிரில் அந்தக் கருவியின் பேட்டரி போயிருக்கும் என்று நான் சொன்னேன். என்னாலேயே அதை நம்ப முடியவில்லை. பனிச் சரிவு என்று ஒன்று உண்டு. புதுப்பனி விழுந்த சரிவில் வண்டி குத்தி நின்றால் மேலே இருப்பது எல்லாம் இறங்கிவிடலாம். அதையும் நான் படித்திருந்தேன். படித்திருக்கக் கூடாது.

கொட்டகை வாசலில் லோடு ஆட்டோவில் டேக்சாக்களை ஏற்றினார்கள். மைத்துனன் கயிற்றை இழுத்துக் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டான். "மச்சான், பின்னாடி செத்த தாழுது. பெரிய டேக்சாவ முன்னால தள்ளி வைக்கவா?"

"என்ன வேணா பண்ணு!" என்று கத்திவிட்டேன். "முன்னால வை, பின்னால வை, தலைல தூக்கிட்டுப் போ! என்கிட்ட பாரத்தப் பத்திக் கேக்காத!"

தெருவில் போன ஒருவர் நின்று பார்த்தார். மைத்துனன் கோபப்படவில்லை. பெரிய டேக்சாவை முன்னால் தள்ளினான். வண்டியில் ஏறி, "அகரத்துல எறக்கிட்டு ஒடனே வாரேன். நீங்க வரவேணாம். அக்காவோட இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் மறுபடி விடுதிக்குப் போன் போட்டேன். அந்த இளைஞன் இப்போது என் குரலைக் கேட்டதும் பெயர் கேட்பதை நிறுத்தியிருந்தான். அம்மாள் பாதை முடிவுக்கு வந்துவிட்டாள், அங்கே ஆள் இல்லை, வண்டித் தடத்தைப் பிடித்து மேலே போகிறாள் என்றான். மகன் அங்கே காத்திருக்க வேண்டியவன். காத்திருக்கவில்லை. ஏன் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. தம் போட்ட டேக்சா குறித்த நேரத்தில் பந்திக்குப் போய்ச் சேர வேண்டும், நின்றால் குழைந்துவிடும். இந்த வீட்டில் அவன் நடை பழகிய நாளிலிருந்து அந்தப் பேச்சைத்தான் கேட்டு வளர்ந்திருக்கிறான்.

நான் வாசலில் நின்றேன். மனைவி உள்ளே தொழுகை விரிப்பில் உட்கார்ந்திருந்தாள்.

அப்போது தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது.

"அத்தா, வந்துட்டாங்க."

அவ்வளவுதான். உள்ளே ஓடினேன். கைப்பேசியை அவளிடம் நீட்டினேன். அவள் படித்துவிட்டு விரிப்பிலேயே நெற்றி பதியக் கவிழ்ந்தாள்.

அவன் குரலைக் கேட்க மேலும் வெகுநேரம் ஆனது. குடிலுக்குப் போய்ச் சேர்ந்து அங்கிருந்த இணைய இணைப்பில் கூப்பிட்டான். மூக்கு அடைத்திருந்தது. பின்னால் ஒரே சிரிப்பும் தட்டுச் சத்தமும்.

"விரல் எல்லாம் இருக்கா?" என்றாள் அவள்.

"இருக்கும்மா. பத்தும் இருக்கு. செவந்துருக்கு, அவ்ளோதான். முதுகுதான் லேசா வெந்துருச்சு" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. அது நடந்து சில வாரங்கள் ஆகிவிட்டன. இப்போதும் சமைத்துக்கொண்டிருக்கும்போது கை தானாகக் கைப்பேசிக்குப் போகிறது. புள்ளி நகர்கிறதா என்று பார்க்கிறேன். அவன் விடுதிக்குள் தூங்கும்போது புள்ளி எப்படி நகரும்? இருந்தும் அடுத்த பத்து நிமிடமும் பார்க்கிறேன்.

"வார் என்னாச்சு?" என்று கேட்டேன்.

"அவங்களே தளர்த்துனாங்க. அவங்ககிட்ட ரெண்டு ஸ்பேனர் இருந்துச்சு. டேக்சாவ அவங்க தொட்டிக்கு மாத்துனாங்க. அப்புறம் வண்டி தானா மெதந்து வந்துருச்சுத்தா."

"தானாவா வரும்? நான் அப்பவே சொன்..."

மனைவி என் தொடையில் கிள்ளினாள்.

"சோறு?" என்றாள்.

"குழைஞ்சுருச்சும்மா. இவங்களுக்குத் தெரியல. ரெண்டாவது தடவ வாங்குறாங்க."

"அந்த அம்மா உன்னைய நல்லாத் திட்டியிருப்பாங்களே. சொன்ன எடத்துல நிக்காம போனதுக்கு."

"திட்டுவாங்கன்னுதான் நானும் நெனச்சேன். கீழ இருந்து வெளிச்சம் வந்துச்சு. வண்டிய நிறுத்திட்டு இடுப்பு வரைக்கும் பனில நடந்து வந்தாங்க. மூஞ்சில டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. கையுறையக் கழட்டிக் கையப் பாத்தாங்க. நான் சாரி சொல்ல வாயத் தொறந்தேன். சொல்லவிடல. அவங்க கருவியத் தூக்கி என் மடியில போட்டாங்க."

"போட்டு என்ன சொன்னாங்க?"

"'உங்கப்பா எங்க ஆபீஸ்ல ஒருத்தனையும் உக்காரவிடல. முதல்ல அவருக்கு ஒரு வார்த்தை அனுப்பு. அனுப்புனதுக்கு அப்புறம் எந்திரி'ன்னாங்க."